‘சாரி சொல்லு’ என்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வயதுக் குழந்தை இன்னொரு குழந்தையைத் தள்ளிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் அதன் கையைப் பிடித்து இழுத்து, “சாரி சொல்லு” என்கிறார். அது எங்கேயோ பார்த்துக்கொண்டு “சாரி” என்கிறது. விழுந்த குழந்தையிடம் “பரவாயில்லைன்னு சொல்லு” என்கிறோம். அழுகைக்கு நடுவே அதுவும் சொல்லிவிடுகிறது. பிரச்சினை முடிந்தது என்று பெரியவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு நாள் முழுவதும் இருக்கும் ஆசிரியர்கள் நாங்கள். இப்படி வாங்கிய ‘சாரி’யால் எந்தக் குழந்தைக்கும் இரக்கம் வளர்வதில்லை என்பதையும், அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லவே இந்தக் கடிதம்.

இரக்கம் குழந்தைக்குப் புதிதாக ஊட்ட வேண்டிய பொருள் அல்ல. பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுகூட, இன்னொரு சிசுவின் அழுகை காதில் விழுந்தால் தானும் அழும். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடும் பெரியவர் ஒருவர் கிளிப்பைக் கீழே தவறவிட்டு, எட்டாமல் கை நீட்டுவார். யாரும் சொல்லாமலே 18 மாதக் குழந்தைகள் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தன. விதை இருக்கிறது. அது தடுமாறுவது கோபத்தின் நடுவில். பொம்மை ஒன்றும் கைகள் இரண்டுமாக இருக்கும்போது. 2013-இல் வந்த வேறோர் ஆய்வில், ஸ்டிக்கரைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைகளே சரியாகச் சொன்னார்கள். பங்கிடச் சொன்னபோது தங்களுக்கு அதிகம் வைத்துக்கொண்டார்கள். சொல்லும் செயலும் ஒத்துப்போனது ஏழு, எட்டு வயதில்தான். எது சரி என்று தெரியாமல் குழந்தை தவறு செய்வதில்லை. அதனால்தான் அந்த நேரத்து அறிவுரை ஒட்டுவதே இல்லை.

நேரில் பார்ப்போம். ஒரு குழந்தை கட்டைகளை எட்டு, ஒன்பது என்று உயரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று வந்து காலால் உதைக்கிறது. எல்லாம் சரிகிறது, அடுக்கியவன் வாய்விட்டு அழுகிறான்.

முதலில் அழுகிற குழந்தையிடம் போக வேண்டும். உதைத்தவனைத் திட்டப் போனால், எல்லார் கவனமும் அவன் மேல் திரும்பிவிடும். அடிபட்டவன் அந்தக் காட்சியிலிருந்தே காணாமல் போய்விடுவான். உதைத்தவனையும் கையைப் பிடித்துக் கூடவே அழைத்துக்கொண்டு, இருவர் முகமும் தெரியும்படி மண்டியிட்டு உட்காருங்கள். நின்றபடி பேசும் குரல் மேலிருந்து விழும். அது மிரட்டலாகத்தான் கேட்கும். அடுத்து, நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள்: “ரொம்ப நேரமா அடுக்கிட்டு இருந்தான். நீ உதைச்சதும் சரிஞ்சு போச்சு.” பிறகு, “அவன் முகத்தைப் பாரு” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு மிகவும் கடினமானது இந்த நிறுத்தம்தான். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் குழந்தையின் கண் கட்டைக்குப் போகும், நம் முகத்துக்கு வரும், பிறகு அழுகிறவன் முகத்தில் ஒரு நொடி நிற்கும். நமக்கு வேண்டியது அந்த ஒரு நொடி. நாம் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தை நம் கோபத்தை அளப்பதிலேயே மும்முரமாகிவிடும்.

அதன் பிறகு கேள்வி: “இப்ப என்ன பண்ணினா அவனுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்?” நான்கு, ஐந்து வயதுக் குழந்தை தானே ஏதாவது சொல்லும். மூன்று வயதுக்கு இரண்டு வழி காட்டுங்கள்: “கட்டையெல்லாம் பொறுக்கிக் கொடுக்கிறியா, இல்ல அவன்கூடச் சேர்ந்து திரும்ப அடுக்குறியா?” மூன்றாவது வழி வேண்டாம், குழம்பிவிடும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கேள்வியே வேண்டாம்; நாமே அதன் கையோடு கை சேர்த்து ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்தால் போதும். கடைசியாக அழுதவனிடம், “அவன் எடுத்துக் கொடுத்தா உனக்குச் சரியா?” என்று கேட்க வேண்டும். அவன் “வேண்டாம்” என்றால் அதை மதிக்க வேண்டும். நோவு பட்டவன் வாயிலிருந்து ‘பரவாயில்லை’யைப் பிடுங்குவது, தன் வலிக்கு மதிப்பில்லை என்று அவனுக்குக் கற்றுக்கொடுப்பது.

மொத்தமும் இரண்டு நிமிடம். இப்படி ஒருமுறை செய்தால் எதுவும் மாறாது. ஒரே குழந்தையிடம் பல வாரம் இதே வரிசையில் செய்தபின், ஒருநாள் நாம் வாய் திறக்கும் முன்பே அது குனிந்து ஒரு கட்டையை நீட்டும். அப்போது வரும் ‘சாரி’ தானாக வரும், வராவிட்டாலும் குறையில்லை.

இது கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. “ஏன் உதைச்சே?” என்று கேட்பது முதலாவது. மூன்று வயதுக்கு ஏன் என்று உண்மையாகவே தெரியாது. விடாமல் கேட்டால் ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லும். அப்புறம் பொய் சொல்கிறது என்று அதற்கும் திட்டுவோம். இரண்டாவது, “உன்னை யாராவது இப்படிப் பண்ணினா எப்படி இருக்கும்?” நல்ல கேள்விதான், ஆனால் வயது பார்த்துக் கேட்க வேண்டும். அடுத்தவர் மனதில் ஓடுவது தன் மனதில் ஓடுவதிலிருந்து வேறாக இருக்கலாம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது. அதற்கு முன் இந்தக் கேள்வி, ‘உன்னையும் உதைப்பேன்’ என்ற மிரட்டலாகவே விளங்கும். கடித்த குழந்தையைத் திருப்பிக் கடித்துக் காட்டும் பழக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறோம்: பெரியவர்களும் கடிக்கலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும் குழந்தைக்குப் பாடமே வேண்டாம். பிரித்து உட்காரவைத்து, தேற்றி, தூங்கி எழுந்த பிறகு பேசலாம்.

இன்னொரு விஷயம் பெற்றோரை மிகவும் பயமுறுத்துகிறது. ஒரு குழந்தை விழுந்து அழும்போது தன் குழந்தை சிரிக்கிறது, அல்லது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. “கல்மனசு” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல நேரம் நடப்பது நேர்மாறு. அடுத்தவர் அழுகை தாங்க முடியாத அளவுக்கு உள்ளே புகுந்துவிட, அதிலிருந்து தப்பிக்கவே அது சிரிக்கிறது அல்லது ஓடுகிறது. அந்தக் குழந்தையை முதலில் நம் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, “அவ அழற சத்தம் உனக்குப் பயமா இருக்கு இல்ல? நான் இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். மூச்சு சீரான பிறகு, தூரத்திலிருந்தே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று கொடுங்கள்: “அந்தத் துண்டை எடுத்துட்டு வா, முகம் துடைக்கலாம்.” தன்னைத் தேற்றிக்கொள்ளத் தெரிந்த குழந்தையால்தான் பிறரைத் தேற்ற முடியும்.

பகிர்தல் பற்றி. கையிலிருப்பதைப் பிடுங்கி, “அவன் சின்னவன், கொடுத்துடு” என்றால், பெரியவன் பிடுங்கலாம் என்பதும் அழுதால் கிடைக்கும் என்பதும் ஒரே நேரத்தில் இருவருக்கும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. முறை வைப்பதே நல்லது: “அவ விளையாடி முடிச்சதும் உனக்கு.” மூன்று வயதில் காத்திருக்கக்கூடிய நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான். மணல் கடிகாரம் கண்ணெதிரே இருந்தால் அழுகை குறையும். சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் பயனில்லை. காத்திருக்கிற குழந்தையைத் தனியே விடாமல், நாம் கூட உட்கார வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே ஒரே மாதிரி பொம்மை இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள். அந்த வயதில் முறை என்பதே புரியாது. மற்ற குழந்தைகள் வீட்டுக்கு வருவதாக இருந்தால், உயிராய் வைத்திருக்கும் பொம்மையை முன்கூட்டியே எடுத்து உள்ளே வைக்கக் குழந்தைக்கு உரிமை கொடுங்கள். வெளியே இருப்பதைக் கொடுக்க அதற்குத் தெம்பு வரும்.

பரிசு கொடுத்து நல்லவனாக்கும் முயற்சி வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மேலே சொன்ன அதே இரு ஆய்வாளர்கள் 2008-இல் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், உதவி செய்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். “குட் பாய்” என்பதும் ஒரு வகையில் பரிசுதான்; குழந்தையின் கண்ணைத் தன் மேலேயே திருப்பிவிடுகிறது. அதற்குப் பதில், “நீ தண்ணி கொண்டுவந்து கொடுத்ததும் பாட்டி முகம் எப்படி மலர்ந்துபோச்சு பாத்தியா?” என்று பாட்டியின் முகத்தைக் காட்டுங்கள்.

முகத்தைச் சொல்ல நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. முகம் வாடியது, சுண்டியது, சிவந்தது, மலர்ந்தது என்று எத்தனை! குழந்தையின் காதில் இவை விழ வேண்டும். இரண்டு வயதில் சந்தோஷம், கோபம், பயம், அழுகை என்ற நான்கு போதும். நான்கு வயதுக்குள் ஏமாற்றம், பொறாமை, வெட்கம், ஏக்கம் வரை போகலாம். குழந்தை அலறிக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொடுக்காமல், குளிப்பாட்டும்போது, நடந்து போகும்போது, படம் பார்க்கும்போது சொல்லுங்கள். வீட்டில் உணர்வுகளைப் பற்றிப் பேச்சு அதிகம் இருந்த குழந்தைகள், சில மாதங்கள் கழித்துப் பிறர் மனதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஜூடி டன் என்பவரும் அவர் குழுவினரும் 1991-இலேயே எழுதியிருக்கிறார்கள். ஏமாற்றத்துக்குப் பெயர் தெரியாத குழந்தைக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

நான்கு, ஐந்து வயதில் வேறு விதமான காயம் தொடங்குகிறது: “நீ வராதே, உன்னைச் சேர்த்துக்க மாட்டோம்.” உடனே புகுந்து “எல்லாரும் சேர்ந்து விளையாடுங்க” என்று உத்தரவு போட்டால், நாம் முதுகைத் திருப்பியதும் மறுபடி ஒதுக்குவார்கள். ஓரிரு நிமிடம் அந்த விளையாட்டைக் கவனித்து, அதில் இல்லாத ஆளைக் கண்டுபிடியுங்கள். பஸ் விளையாட்டில் ஓட்டுநர், பயணிகள் இருப்பார்கள். டிக்கெட் கொடுப்பவர் இருக்க மாட்டார். வெளியே நிற்கும் குழந்தைக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுக்கலாம்: “நானும் வரட்டுமா” என்று கேட்பதைவிட, பக்கத்தில் போய் அதே விளையாட்டைத் தானும் தொடங்குவது. கேள்விக்கு “வேண்டாம்” என்ற பதில் சுலபமாக வந்துவிடும்.

உடல் குறைபாடு உள்ள ஒருவரைப் பார்த்துக் குழந்தை உரக்கக் கேள்வி கேட்டால், வாயைப் பொத்தாதீர்கள். “அவருக்கு நடக்க முடியாது, அதனால சக்கர நாற்காலியில போறார்” என்று சாதாரணக் குரலில் ஒரே வாக்கியம் போதும். பொத்தப்பட்ட வாய், அப்படிப்பட்டவர்களைக் கண்டால் விலகிப்போக வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது.

பெரியவர்கள் கத்திவிடும் நாட்களும் வரும். அன்று நாம் கேட்கும் மன்னிப்பே குழந்தை காணும் முதல் மாதிரி. “நான் கத்திட்டேன். நீ பயந்துட்டே. தப்பு என் மேலதான். அடுத்த தடவை கோபம் வந்தா முதல்ல அந்தப் பக்கம் போயிடுவேன்.” இவ்வளவுதான். “ஆனா நீயும்தான்...” என்று அதன் பின்னால் ஒட்டினால், முன்னால் சொன்ன நான்கு வாக்கியமும் வீண். வேலைக்கு வருபவரிடம், தொலைபேசியில் தவறான எண்ணை அழைத்தவரிடம் நம் குரல் எப்படி மாறுகிறது என்பதும் குழந்தைக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நிறைவாக, தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் கதைகளின் அடியில் ‘நீதி’ என்று ஒரு வரி அச்சிடும் வழக்கம் நீண்ட காலமாக இருந்துவருகிறது. அந்த வரி வந்ததும் குழந்தை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. படித்துக் காட்டுபவரும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். உங்கள் நாளிதழில் வரும் சிறுவர் கதைகளிலாவது அந்த இடத்தில் கதையில் வரும் ஒருவரின் முகத்தைப் பற்றிய கேள்வி ஒன்றை அச்சிடுங்கள். ‘கூட்டைவிட்டு எல்லாக் குருவிகளும் பறந்துபோனபோது, சின்னக் குருவியின் முகம் எப்படி இருந்திருக்கும்?’ என்பது போல. விடை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்