தாத்தாவோடு ஜோடி நாயனம் வாசிக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தை முகூர்த்தங்களுக்கு தர்மபுரி, ஓசூர் பக்கம் தாத்தாவும் நீயும் ஜோடியாக இறங்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். சந்தோஷம். என்னென்ன கீர்த்தனை என்று பட்டியல் போடுவதற்கு முன் வாத்தியத்தைப் பார்.

தாத்தாவுடையது திமிரி, குட்டையான நாயனம், 4, 5 கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பேசும். உன்னுடையது பாரி, நீளமானது, தாழ்ந்த சுருதி, 2, 2½ கட்டை. ஒரே சுருதிப்பெட்டிக்கு இரண்டும் நிற்காது. பெரியவரைப் பாரிக்கு மாறச் சொல்வார்கள், கேட்காதே. பாரியில் துளைகள் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும். வயதான விரல் முழுசாக மூடாமல் காற்று கசியும். நீ திமிரிக்கு வா, இளம் விரல் சீக்கிரம் பழகும். நாயனம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையில் செய்யச் சொல்லும்போது, சுருதி ஒத்துப்பார்க்கத் தாத்தாவின் நாயனத்தையும் கையோடு கொண்டுபோ.

தகராறு பெரும்பாலும் வாயில் வைத்து ஊதும் சீவாளியில்தான். பல் விழுந்தவருக்கு உதட்டுப் பிடி தளரும், அதனால் அவருக்கு இளசான சீவாளி வேண்டும். அது மேல்ஸ்தாயியில் சுருதி இறங்கும். சீவாளியைச் செருகும் உலோகக் குழாயான கெண்டையில் சுற்றிய நூலைக் கொஞ்சம் குறைத்து சீவாளியை உள்ளே தள்ளினால் ஏறும். அதற்காக நெல்லளவுக்கு மேல் தள்ளாதே. மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ஸ’, தனியாக ஏறிக்கொண்டு கீழ் ஷட்ஜத்தோடு சேராது. உனக்குக் கெட்டி சீவாளி போட்டுக்கொண்டால் சத்தத்தில் அவரை மூழ்கடிப்பாய். அது வித்வத்தும் இல்லை, மரியாதையும் இல்லை.

ஓசூர்க் குளிரில் விடியற்கால முகூர்த்தமென்றால் இருவரும் சேர்ந்தே ஊதிச் சூடேற்றுங்கள். பிறகு வந்து சேர்பவரின் நாயனம் சுருதி இறங்கித்தான் கேட்கும்.

முதலில் ஹம்சத்வனி ராகம் போதும். தோடி ராகத்துக்கு அவசரப்படாதே. அதில் காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அவர் அசைக்கிற வேகம் வேறு, உன் வேகம் வேறு. சேர்ந்து அசைத்தால் அபஸ்வரமாகவே விழும். ஆலாபனையில் ஒருவர் வாசிக்க மற்றவர் ஷட்ஜம் பிடிக்கட்டும். கீர்த்தனையில் அவர் மூச்சு எங்கே முடிகிறதென்று குறித்துவைத்துக்கொள். அந்த இடத்தில் நீ மூச்சு வாங்கக் கூடாது. ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் கார்வை எல்லாம் உன் பொறுப்பு. நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா தம் பேரன்கள் காசிம், பாபுவோடு வாசித்த ஒலிப்பதிவுகள் கிடைத்தால் பாட்டை விட்டுவிட்டு, யார் எங்கே ஒதுங்குகிறார் என்பதை மட்டும் கவனி.

ஊர்வலத்தில் வாசிக்கும் மல்லாரியில் மூன்றாம் காலம், அதாவது மிக வேகமான நடை, வேண்டுமா என்பதைத் தவில்காரரிடம் முன்னாடியே பேசிவிடு. கெட்டிமேளத்துக்குக் கண் காட்டுவது தாத்தாதான் என்றும் சொல்லிவை. இரண்டு பேரும் தலையாட்டினால் தவில் தடுமாறும்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து