புதன்கிழமை நான் உள்ளே வரலைங்க

ஏனுங்க,

ஒரே வீட்டுல இருக்கிறவருக்கு எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. நேர்ல பேச்செடுத்தா நீங்க தறிக்குடோனுக்கு எந்திரிச்சுப் போயிருவீங்க, அதான். ஒறம்பரைங்களும் இதைப் படிப்பாங்க. அதனால சிலதைச் சொல்லாமயேதான் விடறேன்.

உங்க வாய்ப் புத்துநோய்க்குக் கடைசி கரண்டு, அதான் ரேடியேசன், வச்சு இந்த வாரத்தோட 3 வருஷம். திரும்ப வர்ற பயம் முதல் 2 வருஷந்தான் ரொம்பன்னு சொன்னாங்க, அதையும் தாண்டிட்டோம். நான் எழுத வந்தது போன செக்கப் பத்தி.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பாத்தாரு. நாக்கைத் தூக்கச் சொன்னாரு. தைராய்டு ரிப்போர்ட்டும் சரியா இருந்துச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாய்ப் பயிற்சி தினமும் பண்றாருங்களா?"ன்னாரு. மேசைக்கு அடியில நீங்க என் முந்தானையை இழுத்தீங்க. நான், "இல்லீங்க, 4 மாசமா குச்சியைத் தொடலைங்க"ன்னுட்டேன். உடனே அவரு ஐஸ் குச்சியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உங்க பல்லுக்கு நடுவுல விட்டாரு. 17 வரைக்கும் வந்திருந்த வாய் 13லயே நின்னு போச்சு. அடுத்த குச்சியைத் தள்ளறப்ப உங்க கண்ணோரம் தண்ணி. சுத்தியும் டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க நின்னு பாத்துட்டிருந்தாங்க.

கருமத்தம்பட்டி வர்ற வரைக்கும் ஜன்னலைப் பாத்துட்டே வந்தீங்க. ராத்திரி அரிசிம்பருப்பு சாதத்தைக் குழையக் கரைச்சு வட்டல்ல வச்சேன், தொடலை.

அத்தனை பேர் முன்னால உங்களைச் சின்னப் பையனாட்ட நிக்க வச்சுட்டேன். தப்புதானுங்க, மன்னிச்சுருங்க. ஆனா நான் சொன்னது பொய்யில்லைங்களே? கரண்டு வச்ச தாடை வருஷம் போனாலும் இறுகும்னு ரெண்டு பேரையும் உக்கார வச்சுத்தானே சொன்னாங்க? வாயே திறக்கலைன்னா, உள்ளே புதுசா ஒரு புண்ணு வந்தா டாக்டர் எப்படிப் பாப்பாரு? சோறு குழைக்கிறது நானு. எச்சில் ஊறாம நடுராத்திரி நீங்க செம்பைத் தேடறப்ப முழிச்சுக்கறதும் நானு. கல்யாண வீட்டுல "பல்லு ஆபரேசனுங்க"ன்னு உங்களுக்காகப் பொய் சொன்னதும் நான்தான். டாக்டர்கிட்டயும் சொல்லுன்னா எப்படிங்க?

சட்டைப்பையில கிடந்ததை இங்கே எழுதமாட்டேன். 2013லயே தடை போட்ட, வாயில அடக்கற சாமான் நம்மூர்ல எந்தக் கடையில கிடைக்கும்னு எனக்கும் தெரியும். அதை அடுப்புல போட்டுட்டேன். பழைய சட்டை, பழசு எதோ கிடந்துச்சுன்னு நீங்க சொன்னா நம்பறேன். சொல்லுங்க, நம்பறேன்.

வர்ற புதன்கிழமை பஸ்ல கூட வர்றேன். ரூமுக்குள்ள வரலை. ஃபைலை நீங்களே எடுத்துட்டுப் போங்க, கேக்கறதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. நான் வெளியே பெஞ்சுல இருக்கேன்.

குச்சிக்கட்டு டிவி மேல இருக்கு. தண்ணி பாட்டில் நான் எடுத்துக்கறேன்.