இடமாற்றம் யாருக்கு?

நிறுவனங்களின் ஹெச்.ஆர். தலைவர்களுக்கு,

வணக்கம்.

அலுவலகத்தில் காதலே கூடாது என்று விதி போடச் சொல்லி இதை எழுதவில்லை. நாளின் பெரும்பகுதியைச் சேர்ந்து கழிப்பவர்களுக்குள் விருப்பம் வருவது இயல்பு. சம நிலையில் உள்ள இருவர் விரும்பினால் அது அவர்கள் பாடு. அப்ரைசல், அதாவது வேலை மதிப்பீடு, எழுதும் மேனேஜர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் விருப்பம் சொல்வதுதான் என் கவலை.

அங்கே வரும் 'சரி'யில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று சொன்னவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. 'வேண்டாம்' என்றவர் பாடு இன்னும் கஷ்டம். அடுத்த முறை ரேட்டிங் குறைந்தால், வேலை சரியில்லையா, மறுத்ததற்குப் பழியா? மேனேஜர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. உறவு அமைந்துவிட்டாலோ, உழைத்து வாங்கிய பதவி உயர்வுக்கும் சக ஊழியர்கள் வேறு காரணம் சொல்வார்கள். முறிந்துவிட்டால், அதே ஆளிடம்தான் மறுநாள் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

உச்சியில் இருப்பவர்கள் விஷயத்தில் நிறுவனங்கள் கறாராகத்தான் இருக்கின்றன. இன்டெலின் பிரையன் கிர்சானிச் 2018-இல், மெக்டொனால்ட்ஸின் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019-இல், நெஸ்லேயின் லோரன் ஃப்ரெய்க்ஸ் 2025-இல், ஊழியருடனான உறவால் தலைமைப் பதவியை இழந்தார்கள். ஆனால் ஒரு டீம் மேனேஜர் என்று வரும்போது என்ன செய்கிறீர்கள்? 'அவர் இல்லாமல் புராஜெக்ட் நகராது' என்று சொல்லி, அவருக்குக் கீழே இருக்கும் இளையவரை வேறு பிரிவுக்கு அனுப்புகிறீர்கள். பழகிய வேலையும் கூட இருந்தவர்களும் போவது அவருக்குத்தான். இதைத் தண்டனை என்று எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை, ஆனால் தண்டனைதான்.

உறவைத் தெரிவிக்கும் பொறுப்பை மேலே இருப்பவர் மீது வையுங்கள். தெரிவித்த அன்றே அப்ரைசல், சம்பளம், லீவு எல்லாம் வேறொருவர் கைக்குப் போகட்டும். யாராவது இடம் மாறித்தான் ஆக வேண்டுமென்றால் மேனேஜர் மாறட்டும். இளையவர் தானாகக் கேட்டால் மட்டும் அவரை மாற்றுங்கள்.

மறுத்தவரையும் மறந்துவிடாதீர்கள். தொல்லை கொடுத்தால் புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஒரே ஒரு முறை, மரியாதையாகக் கேட்கப்பட்டு மறுத்தவருக்குப் புகார் கொடுக்க எதுவும் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. காரணம் சொல்லாமலே 'என் அப்ரைசலை வேறொருவர் செய்யட்டும்' என்று அவர் உங்களிடம் கேட்க முடிய வேண்டும். கேட்டால் ஏன் என்று துருவாமல் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஊழியர்