ஆக்ஸிஜனே இல்லாமல் ஆக்ஸிஜனேற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் அறிவியலை மனப்பாடம் செய்தே கடந்துவிடுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், மனப்பாடம் மிக அதிகமாக நடக்கும் ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும்.

ஆக்ஸிஜன் சேர்ந்தால் ஆக்ஸிஜனேற்றம், ஹைட்ரஜன் நீங்கினாலும் அதுதான், எலக்ட்ரானை இழந்தாலும் அதுதான், ஆக்ஸிஜனேற்ற எண் கூடினாலும் அதுதான். இவற்றுக்கு எதிர்மாறாக நடந்தால் ஒடுக்கம். இவற்றைப் பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நடத்தினேன். சோடியமும் குளோரினும் சேரும் வினையை எழுதியபோது ஒரு மாணவி எழுந்து, "இதில் ஆக்ஸிஜனே இல்லையே சார், அப்புறம் எப்படி ஆக்ஸிஜனேற்றம்?" என்று கேட்டாள். வரையறை அப்படி என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அது பதிலே அல்ல. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

பதில் அந்தப் பெயரின் வரலாற்றில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், எரிவது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்வது என்று விளக்கினார். அப்போது எலக்ட்ரானைப் பற்றி யாருக்கும் தெரியாது. இயற்பியலாளர் தாம்சன் அதைக் கண்டறிந்தது 1897இல். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. ஒடுக்கமும் அப்படி வந்த பெயர்தான். 79.5 கிராம் காப்பர் ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கினால் 63.5 கிராம் காப்பர்தான் மிஞ்சும். எடை குறைகிறது, அதனால் ஒடுக்கம். எலக்ட்ரானைப் பெறுவதை ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று குழம்பும் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

துத்தநாகத் தகட்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் வைத்து, நீலம் வெளிறுவதையும் தகட்டின் மேல் காப்பர் படிவதையும் எல்லோரும் காட்டுகிறோம். சரி, எலக்ட்ரான் எங்கே? அதைக் காட்டும் சோதனை மின்வேதியியல் பாடத்துக்குப் போய்விடுகிறது. ஒரு முகவையில் துத்தநாக சல்பேட் கரைசலும் துத்தநாகத் தகடும், இன்னொன்றில் காப்பர் சல்பேட் கரைசலும் காப்பர் தகடும் வையுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த வடிதாளால் இரண்டு கரைசல்களையும் இணைத்து, தகடுகளை வோல்ட்மீட்டரில் சேர்த்தால் முள் 1.1 வோல்ட் அருகே போய் நிற்கும். வோல்ட்மீட்டரை எடுத்துவிட்டுத் தகடுகளைக் கம்பியால் இணைத்தால் அதே வினை நடக்கும். துத்தநாகம் காப்பர் கரைசலைத் தொடவே இல்லை. அது இழக்கும் எலக்ட்ரானுக்கு அந்தக் கம்பிதான் வழி. இதைப் பார்த்த வகுப்பில், ஆக்ஸிஜனேற்றி, அதாவது மற்றொன்றை ஆக்ஸிஜனேற்றம் செய்யும் பொருள், ஏன் தானே ஒடுக்கமடைகிறது என்பதை நான் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருந்ததில்லை. எலக்ட்ரானைப் பறிப்பது காப்பர் அயனி, பறித்ததால் ஒடுங்குவதும் அதுவே என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

ஆக்ஸிஜனேற்ற எண்ணை இதற்குப் பிறகு தொடங்கினால் போதும். அது எலக்ட்ரான்களைக் கணக்கு வைத்துக்கொள்ள ஒவ்வொரு அணுவுக்கும் நாம் போடும் எண். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசுக்கு +7 என்று எழுதுவதால் அங்கே 7 எலக்ட்ரானை இழந்த அயனி ஒன்று உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இதைப் பாடநூல்கள் வெளிப்படையாகவே சொல்லலாம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரையறு என்று கேட்பதை விடுங்கள். சில்வர் நைட்ரேட் கரைசலில் சோடியம் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு வருகிறதே, அது ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினையா, இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்