பெரியப்பாவுக்கு, தென்துருவப் பயணம் குறித்து

கோத்தகிரி
தை 6

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலன்று குன்னூர் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, அண்டார்டிகா போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சொன்னால் செய்துவிடுகிற மனிதர் நீங்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "போய் வந்தவள் வீட்டில் நீ ஒருத்திதான், விவரமாக எழுது" என்றீர்கள். உங்களைப் போல ஆசைப்படுகிற வேறு சிலருக்கும் பயன்படட்டும் என்று பலர் படிக்கும்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். பனிக்கரடியையும் பெங்குவினையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. கரடி வடதுருவப் பக்கத்து விலங்கு, பெங்குவின் தென்கோளத்துப் பறவை. கரடிதான் வேண்டுமென்றால் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக வேண்டும். அந்தத் தீவுகளுக்கென்று தனி விசா கிடையாது. ஆனால் நார்வே வழியாகவே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, அதுவும் இருமுறை நுழைய அனுமதிப்பது, இல்லாமல் நமக்கு வழியில்லை. 2025 ஜனவரி முதல் அங்கே கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தத் தூரத்தில் உங்கள் கண்ணுக்குக் கரடி ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். எனவே தெற்கைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் 2024 டிசம்பரில் போனேன். அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். கோயம்புத்தூரிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் எத்தனை விமானம் மாறினேன் என்பதை எழுதினால் பெரியம்மா உங்களை விடமாட்டார். அதற்குப் பிறகு டிரேக் கடல்வழி. தென் அமெரிக்க முனைக்கும் அண்டார்டிகத் தீவுகளுக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்திலேயே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் அகலமுள்ள கடல் அது. அந்த அட்சரேகைகளில் உலகைச் சுற்றிவரும் நீரோட்டத்தையும் காற்றையும் தடுக்க நிலம் என்று ஒன்றும் இல்லாததால், அலைகளுக்கு வேகம் குறைய வாய்ப்பே கிடைப்பதில்லை. இரண்டு நாள் நான் படுக்கையைவிட்டு எழவில்லை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஒருமுறையும் வாந்தி எடுக்காதவள் என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லாது. கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் மருத்துவமனை என்பது நாட்கணக்கில் தள்ளியிருக்கும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதை மறைக்காமல் எழுதிக்கொடுங்கள், அவசரகாலத்தில் அங்கிருந்து வெளியேற்றும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள்.

குளிரை எண்ணி அஞ்ச வேண்டாம். கப்பல்கள் போகும் அண்டார்டிகத் தீபகற்பக் கரையில் கோடைக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஜனவரி விடியலில் தலைக்குந்தா புல்வெளியில் நின்றவருக்கு அது புதிதல்ல. காற்றுதான் வேறு. நீங்கள் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்த காலத்தில், மேகமும் காற்றும் இல்லாத தை மாத இரவுகளில், பள்ளத்துத் தேயிலையை மட்டும் தழை போட்டு மூடச் சொல்வீர்கள். குளிர்ந்த காற்று கனத்துப்போய்த் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும், மேட்டுச் செடி தப்பிவிடும் என்பீர்கள். அண்டார்டிகக் காற்றை எனக்குப் புரியவைத்தது அந்தப் பேச்சுதான். அந்தக் கண்டத்தில் ஏறத்தாழ 98 விழுக்காட்டு நிலத்தைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது, சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கனத்துக்கு. அந்த மேட்டின்மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிக் கடலை நோக்கி ஓடும்போது சில இடங்களில் புயலின் வேகத்தை எட்டிவிடுகிறது. நம் பள்ளத்தில் உறைபனி விழவைப்பதும் அதே கனம்தான்.

இனி நான் சொல்ல வேண்டியதன் மையத்துக்கு வருகிறேன். கரையிறங்குவதற்கு முந்தைய நாள், பயணிகள் எல்லோரும் தங்கள் மேல்சட்டை, பை, கையுறை, கேமரா முக்காலி எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒரு கூடத்தில் தூசு உறிஞ்சும் கருவிகளையும் தூரிகைகளையும் ஊசிகளையும் வைத்துக்கொண்டு ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பையின் தையல் இடுக்கு, சட்டைப்பையின் மூலை, வெல்க்ரோ ஒட்டுப்பட்டையின் முள் என்று ஒவ்வொன்றையும் குடைந்தார்கள். என்னிடமிருந்த கோத்தகிரிக் கம்பளிச் சால்வையின் ஓரத்திலிருந்து ஒரு இளம்பெண் ஊசியால் எதையோ நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். நாயுருவி விதை. கோடநாடு பக்கம் நடந்தபோது ஒட்டியதாக இருக்கும். எத்தனை கடல் தாண்டி என்னோடு வந்திருக்கிறது! அந்தப் பெண் கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

அந்தக் குளிரில் நாயுருவி முளைக்காது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சொன்னேன். அதற்குக் கிடைத்த பதில், கிங் ஜார்ஜ் தீவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே 1980களில் ஐரோப்பியப் புல் ஒன்று முளைத்துப் பரவிய கதை. மனிதரின் காலணியோடும் சரக்கோடும் வந்த சாதாரணப் புல். அதைக் களைய இன்னும் பாடுபடுகிறார்கள். உள்ளூர்ப் பூக்கும் தாவரமே இரண்டு மட்டும் உள்ள கண்டத்தில் ஒரு களைப்புல்லின் வரவு சிறிய செய்தியன்று. தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை (வாட்டில்) மரத்தையும், விறகுக்கென்று கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும், அழகுக்கென்று மஞ்சள் பூப் புதர்களையும் கொண்டுவந்து நட்டவர்கள் நம் நீலகிரி மலைக்குக் கெடுதல் நினைத்தவர்கள் அல்லர். ஆனால் இன்று அவலாஞ்சி, முக்குருத்தி பக்கம் போனால், சீகை ஏறாத புல்வெளி எங்கே எஞ்சியிருக்கிறது, வரையாடு எங்கே மேயும் என்று தேட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு உதகைக்கு வந்தவர்களின் பெட்டிகளை யாராவது ஊசியும் தூரிகையுமாக உட்கார்ந்து குடைந்திருந்தால் என்று அந்தக் கூடத்திலேயே நினைத்துக்கொண்டேன்.

கரையிறங்குவதற்கும் கணக்கு உண்டு. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். அதுவாக நம்மை நோக்கி வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். கடலுக்குப் போய்வந்து போய்வந்து பனியில் அவை பள்ளமாகத் தேய்த்து வைத்திருக்கும் தடங்களை நாம் குறுக்கே கடக்கும்போது, வருகிற பெங்குவினுக்கே முதல் வழி. பறவைக் காய்ச்சல் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்த பிறகு, தரையில் உட்காரவும் மண்டியிடவும் பையை வைக்கவும் தடை. கல், இறகு, எலும்பு எதையும் எடுக்கக்கூடாது. முழங்கால் வலியோடு இரண்டு மணி நேரம் நின்றேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இதே மனிதர்கள்தான் மே மாதத்தில் நம் பாதையோரம் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்களா என்று ஐயமாக இருந்தது. 2024 மே 7 முதல் நம் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோதும், அடுத்த ஆண்டு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தபோதும், வியாபாரம் போய்விடும் என்று நம் கடைத்தெருவில் எழுந்த கூச்சலில் நியாயம் இருந்தது. ஆனாலும் எண்ணிக்கைக்கு எல்லை வைத்த இடத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் நான் வரம்பின் பக்கம்தான்.

பார்த்தவற்றைச் சொல்லாமல் விதிகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜென்டூ பெங்குவின்கள் கூழாங்கற்களைக் குவித்துக் கூடு கட்டுகின்றன. ஒன்று முதுகைத் திருப்பினால் பக்கத்துக் கூட்டுக்காரர் கல்லைத் திருடிக்கொண்டு ஒன்றும் அறியாதவர் போல நடந்து போகிறார். நாற்றம் எந்தப் படத்திலும் வராது. கழுவிவிடாத கருவாட்டுக் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறால் போன்ற கிரில் என்ற சிற்றுயிர்களைத் தின்பதால் அவற்றின் எச்சமும் இளஞ்சிவப்பாகி, பனி முழுக்கக் கோலப்பொடி கொட்டியது போலிருந்தது. நீங்கள் படத்தில் பார்த்த பேரரசப் பெங்குவின் இந்த வழக்கமான தடத்தில் அகப்படாது. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஒரு மாலை, படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். தண்ணீரில் மிதந்த பனித்துண்டுகள் கரையக் கரைய, அவற்றுள் காலங்காலமாக அடைபட்டிருந்த காற்று வெடித்துக்கொண்டு வெளியேறும் ஓசை, கடுகு தாளிப்பதுபோலச் சுற்றிலும் கேட்டது. அதைக் கேட்க நீங்கள் போகலாம் என்றுதான் என் மனம் சொல்கிறது.

ஆனால் ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. 1990களின் தொடக்கத்தில் பருவத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரம் பேர் போன இடத்துக்கு, 2023–24 பருவத்தில், கரையிறங்காதவர்களையும் சேர்த்து, 1,20,000 பேருக்கு மேல் போயிருக்கிறார்கள். கப்பல் புகையின் கரி பனிமேல் படிந்தால் பனி வெயிலை அதிகம் உள்வாங்கிச் சீக்கிரம் உருகுகிறது. அந்தக் கணக்கில் பயணி ஒருவருக்கு ஏறக்குறைய 83 டன் பனி முன்கூட்டியே உருகுகிறது என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நான் அதைப் படித்தது திரும்பி வந்த பிறகு. முன்பே படித்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, அதுவே எனக்கு உறுத்தலாகவும் இருக்கிறது. ஆகவே போவதானால் ஒருமுறை போங்கள். 200 பேருக்குள் ஏற்றும் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கப்பலில் விலை குறைவு, ஆனால் கரையில் கால் வைக்க உங்கள் முறை வருவதற்குள் நாள் முடிந்துவிடும். பல லட்சம் செலவாகும் என்பதைப் பெரியம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்த வேலை எனக்கு வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வருகிறேன். முழங்கால்வரை நீளும் ரப்பர் பூட்ஸைப் பெரும்பாலான கப்பல்களிலேயே தருவார்கள், வாங்க வேண்டாம். தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் அந்தப் பழுப்புக் கம்பளிச் சட்டையையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வைத்தே தீருவேன் என்றால், நான் வருவதற்குள் அதை வெயிலில் உதறிப் போட்டு வையுங்கள். ஊசி நான் கொண்டுவருகிறேன்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மகள்