எதிரியிடம்தான் பேசியாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில் ஒரு நண்பர், பாகிஸ்தானுடனும் சீனாவுடனும் உள்ள எல்லாத் தொடர்புகளையும் அறுத்துவிட வேண்டும், இன்னும் பேசிக்கொண்டிருப்பது கோழைத்தனம் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் எனும் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் படைக்கு ஆள் அனுப்பாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் முதல் அடி விழுவது இந்த வீடுகளில்தான். டிவி விவாதத்தில் மேசையைத் தட்டுகிறவருக்கு அன்றைக்கும் ராத்திரி வீட்டில் சாப்பாடு இருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு நடைமுறையைச் சொல்கிறேன். ஒருவர் மற்றவரின் அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. கையெழுத்தானபோது ராஜீவ் காந்தி இங்கே பிரதமர், பெனசீர் பூட்டோ அங்கே பிரதமர். அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தத்தம் நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் கைமாற்றிக்கொள்கின்றன. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, இரண்டு ராணுவங்களும் எல்லைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. அந்த ஜனவரி 1 அன்றும் பட்டியல் போனது, வந்தது. கார்கில் சண்டைக்கு அடுத்த ஆண்டும், 2019 பாலகோட் விமானத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டும் அப்படியே. எதிராளி கொடுத்த பட்டியல் முழுமையானது என்று இரண்டு பக்கமும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்பிக்கை இருந்தால் பட்டியலே தேவைப்படாதே!

2025 மே மாதச் சண்டை எப்படி நின்றது? டிரம்ப் நிறுத்தினாரா, நாமே நிறுத்தினோமா என்று இன்னும் வாதம் ஓடுகிறது, அது ஓடட்டும். நம் அரசு சொன்ன கணக்குப்படி, மே 10 அன்று பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் நம் தலைமை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணியோடு எல்லாத் தாக்குதலையும் நிறுத்துவது என்று முடிவானது. ஏவுகணைகளும் ட்ரோன்களும் பறந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அழைக்க ஒரு எண்ணும் எடுக்க ஓர் ஆளும் இருந்தார்கள் அல்லவா? அந்த நேரடித் தொலைபேசி இணைப்பை, ஹாட்லைனை, நண்பர் சொல்கிறபடி 'வீரமாக' வெட்டியிருந்தால் எந்த வழியாகப் பேசியிருப்பார்கள்? மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகத்தான். அப்படிப் பேசுவது நம் கௌரவத்துக்கு எந்த விதத்தில் மேல் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

தொடர்பு இருந்தும் பயன்படுத்தாவிட்டால் எவ்வளவு ஆபத்து என்பதை 2022 மார்ச் 9 அன்று பார்த்தோம். நம்முடைய பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தவறுதலாகப் போய்விட்டது என்று நம் அரசு வெளிப்படையாக அறிவித்தது மார்ச் 11 அன்று. இடையில் இருந்த நேரத்தை நினைத்தால் சிக்னல்ஸ்காரனான எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. விசாரணைக்குப் பிறகு விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள், சரி. ஆனால் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு ஒப்பந்தம் உயரப் போய் வளைந்து இறங்கும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும்தான். விமானம் போலப் பறந்து போகும் பிரமோஸ் மாதிரியான க்ரூஸ் ஏவுகணைகள் அதில் இல்லை. அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

"சீனாவோடு இத்தனை ஒப்பந்தம் போட்டு என்ன கிழித்தோம்?" என்று நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் யாரும் சுடக் கூடாது என்று 1996 ஒப்பந்தம் சொல்கிறது. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள், நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட. அடித்தது ஆணி பதித்த தடிகளாலும் கற்களாலும். ஒப்பந்தம் அந்த உயிர்களைக் காப்பாற்றவில்லை என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனாலும் அந்த இருட்டில், அவ்வளவு வெறியில், துப்பாக்கி வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் அடுத்து பீரங்கி, அதற்கடுத்து விமானம். அப்புறம் 2024 அக்டோபரில் அதே லடாக்கின் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து போவது பற்றி ஓர் ஏற்பாட்டுக்கு வர, ராணுவ அதிகாரிகளும் தூதரக அதிகாரிகளும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சலிக்காமல் உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றி எந்தச் சேனலும் விவாதம் நடத்தவில்லை. நடத்தினாலும் யார் பார்ப்பார்கள்!

பேச்சு மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை. போதாது என்பதற்கு எங்கள் பழைய வடாற்காடே சாட்சி. 1769இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி சென்னை வாசல் வரை வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இழுத்தார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. அடுத்த ஆண்டே மராத்தியர் மைசூர் மீது படையெடுத்தார்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அதை ஹைதர் கடைசி வரை மறக்கவில்லை. 1779இல் சென்னை கவர்னர் சமாதானம் பேச, தமிழ் நன்றாகத் தெரிந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியாரை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அனுப்பினார். ஹைதர் அவரை மரியாதையாகவே நடத்தினார். தூதருக்கு என்ன குறை? அவரை அனுப்பியவர்களிடம்தான் குறை. ஹைதருக்குத் தளவாடங்கள் வந்து இறங்கிய, மலபார்க் கரையில் உள்ள மாஹே துறைமுகத்தை அதே ஆண்டு மார்ச்சில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கம்பெனி பிடித்திருந்தது. ஒரு கையில் சமாதானக் கடிதம், மறு கையில் மாஹே. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக ஹைதரின் பெரும்படை இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஆற்காடு விழுந்தது, வேலூர்க் கோட்டை நீண்ட முற்றுகையில் சிக்கியது. பிறகு பஞ்சம் வந்தது. சோளிங்கர்ப் பக்கம் 1781இல் நடந்த சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தச் சீமையில் உழுதுகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே தூதரும் வேண்டும், தூதர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற அரசும் வேண்டும், பின்னால் பலமான படையும் வேண்டும். மூன்றில் எதை வெட்டலாம் என்று கேட்டால், படையில் இருந்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், தூதரைக் கடைசி வரை வெட்டாதீர்கள்.

பஹல்காம் படுகொலைக்குப் பிறகு 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தூதரகத்தின் பாதுகாப்பு ஆலோசகர்களை வெளியேறச் சொன்னோம், நம்மவர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டோம். பாகிஸ்தானோடு ஆற்று நீரைப் பங்கிடும் சிந்து நதி ஒப்பந்தத்தையும் நிறுத்திவைத்தோம். 1965, 1971 போர்களில்கூட உயிரோடு இருந்த ஒப்பந்தம் அது. அப்பாவிகள் செத்த சூட்டில் எடுத்த முடிவு, அதில் நான் குறை காண மாட்டேன். (சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஆற்று நீர் பற்றிய 1892 ஒப்பந்தம் இருந்தும் பாலாறு மணலாகக் கிடப்பதைப் பார்க்கும் எங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலே தண்ணீர் வந்துவிடும் என்ற மயக்கமும் கிடையாது.) ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்முவிலிருந்து பாகிஸ்தானுக்குள் போகும் தாவி ஆற்றில் வெள்ளம் புரண்டபோது என்ன செய்தோம்? அந்த ஒப்பந்தப்படி அமைந்த சிந்து ஆணையத்தை விட்டுவிட்டு, இஸ்லாமாபாத்தில் உள்ள நம் தூதரகம் வழியாக எச்சரிக்கை அனுப்பினோம், மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி. ஆட்களைக் குறைத்தும் அந்தத் தூதரகத்தை மூடாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ்களில் எந்த நாட்டிடம் எத்தனை ஏவுகணை என்ற பட்டியலோடு, 2005 ஒப்பந்தத்தில் க்ரூஸ் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் சேர்க்க என்ன தடை என்று விவரம் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற தூதர்கள் எத்தனையோ பேர் சென்னையிலேயே இருக்கிறார்கள். கேட்டால் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.