கதை படித்தாலும் இங்கிலீஷ் வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. அப்படி ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிய என் மகள், கட்டுக்கட்டாக இலக்கணத் தாள்களோடு வந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்புறம்தான் ஆர்.கே.நாராயண் கைக்கு வந்தார். ஆங்கிலத்தில் கதைகள் எழுதியவர், புரசைவாக்கத்தில் பிறந்தவர். 1935-இல் வெளியான அவருடைய 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' நாவல், திங்கட்கிழமை காலையில் கண் திறக்க மனமில்லாத ஒரு பையனில் தொடங்குகிறது. கணக்குப் பாடம், கண்டிப்பான அப்பா, கதை கேட்கும் பாட்டி, கிரிக்கெட் டீம் என்று எல்லாம் நமக்குப் பழகிய உலகம். அதனால் தெரியாத சொல் வந்தாலும் கதைப்போக்கிலேயே பிடிபட்டுவிடுகிறது. பக்கத்துக்குப் பத்து முறை அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. வாக்கியங்களும் சின்னச் சின்னவை. பையன்கள் சண்டை போடும் இடங்களை அவள் சத்தமாகவே படிப்பாள். கேட்க வேடிக்கையாக இருக்கும். எடுத்த எடுப்பில் ஷேக்ஸ்பியரை நீட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துபவர்களை என்ன சொல்வது!

கதை மட்டும் போதாது, பேசிப் பழக ஆளும் வேண்டும். சரிதான். ஆனால் பேச நாலு வாக்கியமாவது மனதில் தங்கியிருக்க வேண்டுமே!

செலவும் பெரிதில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பள்ளிகள் ஒன்று செய்யலாம்: நூலக வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்காமல், பீரோவைத் திறந்து புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை